மத்திய சென்னையில் ஒரு பி.சி.ஏ. இரண்டாம் ஷிப்ட்: நிரலாக்கமும் தரவுத்தளமும் கற்பிக்கப்படும் விதம் பற்றி

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்கப் போவதாகச் சொன்னதும், நான் படித்த கல்லூரியையே முதலில் பார்த்துவிடலாம் என்று சென்ற மே மாதம் அவளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். 2016 முதல் 2019 வரை அங்கே இரண்டாம் ஷிப்டில் பி.சி.ஏ. படித்தவன் நான், இப்போது ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நிறுவனத்தின் தரவுத்தள (டேட்டாபேஸ்) பிரிவில் வேலை பார்க்கிறேன். படித்த காலத்து அனுபவத்தையும், அன்று பாதி நாள் அங்கே சுற்றிப் பார்த்ததையும் சேர்த்து வைத்து இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை என் நண்பர்கள் படித்த வேறு கல்லூரிகளிலும் இருந்தவைதாம் என்பதால், ஓரிடத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

இரண்டாம் ஷிப்ட் வகுப்புகள் பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்குள் முடிந்துவிடும். காலை எட்டு மணி முதல் பாரிமுனையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதிவிட்டு, மதியம் பிராட்வேயில் பேருந்து பிடித்துப் போய்ச் சேர எனக்கு அந்த நேரம் பொருந்தி வந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இப்படிக் காலையில் எங்கேயாவது வேலை பார்த்தவர்கள்தாம். இந்த ஷிப்ட் முறை இல்லாதிருந்தால் அவர்களில் பலர் பட்டப்படிப்பையே நினைத்துப் பார்த்திருக்க முடியாது. சுயநிதிப் பிரிவாகையால் கட்டணம் கூடுதல். அப்போது செமஸ்டருக்கு ஏறத்தாழ 18,000 ரூபாய் கட்டினேன். கட்டிடம், கேன்டீன், நூலகம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பாடப்புத்தகம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன்.

முதல் செமஸ்டரில் சி என்ற நிரலாக்க மொழி. சி நிரல்களை எழுதி ஓட்டுவதற்காகப் போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி-யின் வழியில் வந்த நீலத் திரையைத்தான், பழைய டாஸ் காலத்து மென்பொருளை இன்றைய கணினியில் இயக்கும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடவிட்டு, எங்களுக்குக் கொடுத்தார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினியில் நண்பன் ஒருவன் எனக்கு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்திருந்தான். லேபில் எழுதிய நிரலை (புரோகிராமை) வீட்டில் ஓட்டினால் முதல் வரியிலேயே பிழை காட்டும். திரையைத் துடைப்பதற்கான கட்டளையும் அது அடங்கிய கோனியோ கோப்பும் சி மொழியின் தரத்தில் இல்லாதவை, டர்போ சி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உரியவை என்று யாரும் சொல்லாததால், என் கணினியில்தான் கோளாறு என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். புதிதாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. வகுப்பில் படிப்பது வெளியே செல்லாது என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் அதே நீலத் திரை எனக்கு ஒரு நல்ல பாடத்தையும் கொடுத்தது. கடையில் ஒரு மாதத்தில் விற்ற மாத்திரைப் பட்டைகளைக் கூட்டிச் சொல்லும் சிறு நிரல் ஒன்றை லேபில் எழுதியிருந்தேன். 40,000 என்று வர வேண்டிய இடத்தில் −25,536 என்று வந்தது. கூட்டல் தவறாக இருக்க வழியே இல்லை. பின்னாளில் எங்களுக்குத் தரவுத்தளப் பாடம் எடுத்த பேராசிரியை அன்று லேப் பொறுப்பில் இருந்தார். அவர் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பாமல், ரஃப் நோட்டில் பதினாறு கட்டங்களை வரைந்து, டர்போ சி-யில் ஒரு முழு எண்ணுக்கு, கட்டத்துக்கு 0 அல்லது 1 என்று, இந்தப் பதினாறு கட்டங்கள்தாம் உண்டு, அவற்றில் மொத்தம் 65,536 எண்கள்தாம் அடங்கும், 32,767-ஐத் தாண்டினால் எண்ணிக்கை அடுத்த முனையில் −32,768-இலிருந்து திரும்பத் தொடங்கும், 40,000-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள் என்றார். கழித்தேன், −25,536 வந்தது. வீட்டில் ஜிசிசி என்ற சி கம்பைலரில் அதே நிரல் சரியான விடை தந்ததற்கு, அங்கே ஒரு முழு எண்ணுக்கு முப்பத்திரண்டு கட்டங்கள் இருந்ததே காரணம். கணினிக்குள் ஓர் எண் இருக்கிறது என்றால் அது ஓரிடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது என்பது எனக்குப் புரிந்த நாள் அது. கடைக் கணக்கை நான் லேபுக்குக் கொண்டுபோகாமல், சிலபஸில் இருந்த பத்து எண்களை மட்டும் கூட்டியிருந்தால் அந்த −25,536 என் கண்ணில் பட்டிருக்காது.

தரவுத்தளப் பாடத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. தேர்வு நோக்கில் பார்த்தால் அது மனப்பாடப் பாடம்தான்: 75 மதிப்பெண் வெளித்தேர்வு, 25 இன்டர்னல், நார்மலைசேஷனை (அட்டவணைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் முறையை) எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று ஒரு பத்து மதிப்பெண் கேள்வி, அதற்கு எல்லோரும் எழுதும் அதே மாணவர்–பாடம்–ஆசிரியர் அட்டவணை. எங்கள் பேராசிரியை அந்த எடுத்துக்காட்டைத் தேர்வுக்கென்று ஒரு நாளில் எழுதிப் போட்டுவிட்டு, மறுநாள் வரும்போது அவரவர் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கணக்குப் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் கடையின் இருப்பு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எழுதிப் போனேன். மருந்தின் பெயர், கம்பெனி, கம்பெனி ஏஜென்ட்டின் தொலைபேசி எண், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்த மருந்துத் தொகுதியின் எண்), காலாவதி, எம்.ஆர்.பி., இருப்பு என்று ஒவ்வொரு வரியிலும் ஏழு செய்திகள்.

அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். ஏஜென்ட்டின் எண் மாறினால் எத்தனை வரிகளைத் திருத்துவீர்கள்? அந்தக் கம்பெனியின் கடைசிப் பேட்ச் விற்றுத் தீர்ந்து வரியை அடித்துவிட்டால், ஏஜென்ட்டின் எண்ணை எங்கே தேடுவீர்கள்? புதுக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் வந்து எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார், சரக்கு இன்னும் வரவில்லை, அந்த எண்ணை எந்த வரியில் எழுதுவீர்கள்? மூன்றும் எங்கள் கடையில் அன்றாடம் நடப்பவை. எண் மாறியபோது நான்கு வரிகளில் திருத்தி, ஐந்தாவதை விட்டுவிட்டு, முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்த நார்மலைசேஷன் என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் கிடைத்தது: ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். கம்பெனிக்கு ஓர் அட்டவணை, மருந்துக்கு ஓர் அட்டவணை, பேட்சுக்கு ஓர் அட்டவணை என்று நாங்களே பிரித்தோம். பேட்ச் அட்டவணைக்குப் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது, எது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. பேட்ச் எண்ணே போதும் என்றார்கள் சிலர். இரண்டு கம்பெனிகள் ஒரே எண்ணை அச்சிட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு, மருந்தையும் பேட்ச் எண்ணையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்றேன் நான். பாராசிட்டமால் 500-ம் 650-ம் ஒரே மருந்தா, இரண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழுந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

லேபில் ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள். அதனுடன் பல ஆண்டுகளாக வரும் எம்ப் (ஊழியர்), டெப்ட் (பிரிவு) என்ற இரண்டு மாதிரி அட்டவணைகளை இந்தத் துறையில் தெரியாதவர்கள் குறைவு. ஊழியர்கள் 14 பேர், பிரிவுகள் நான்கு. இத்தனை சிறிய அட்டவணையில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று தோன்றும். நாற்பதாம் எண் பிரிவில் ஒரு ஊழியரும் இல்லை. எனவே இரண்டு அட்டவணைகளையும் சாதாரணமாக ஜாயின் செய்தால், அதாவது பொருந்தும் வரிகளை மட்டும் இணைத்தால், அந்தப் பிரிவே விடையிலிருந்து மறைந்துவிடும், பொருந்தாத வரியையும் விடாத அவுட்டர் ஜாயின் போட்டால்தான் வெளியே வரும். கமிஷன் என்ற புலத்தில் (நெடுவரிசையில்) நான்கு பேருக்கு மட்டுமே மதிப்பு உண்டு, மற்றப் பத்துப் பேருக்கு அது நல், அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம். சராசரி கேட்டால், நல் உள்ளவர்களை விட்டுவிட்டு, 550 என்று வரும். நல் இருக்கும் இடத்தில் பூஜ்யம் என்று வைத்துக் கேட்டால் 157 சொச்சம் வரும். யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்களின் பட்டியலை, மேலாளர் பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்று கேட்கும் நாட் இன் வழியாகக் கேட்டபோது ஒரு வரிகூட வரவில்லை. தலைவருக்கு மேலாளர் கிடையாது, அந்த இடத்தில் ஒரே ஒரு நல் இருக்கிறது, அது மொத்த விடையையும் விழுங்கிவிடுகிறது. இல்லை என்பதும் தெரியாது என்பதும் பூஜ்யம் என்பதும் மூன்று வேறு செய்திகள் என்று நான் வேலையில் இன்றும் புதியவர்களுக்குச் சொல்வதற்கு அந்த 14 வரிகளைத்தான் பயன்படுத்துகிறேன்.

இன்னொரு நாள் என்னையும் என் பக்கத்து இருக்கை மாணவியையும் இரண்டு கணினிகளில் உட்காரவைத்து, எங்கள் பேட்ச் அட்டவணையில் ஒரே வரியின் இருப்பை மாற்றச் சொன்னார் பேராசிரியை. அவள் 100-ஐ 60 ஆக்கினாள், ஆனால் மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் கட்டளையைக் கொடுக்கவில்லை. என் திரையில் கேட்டால் 100 என்றே வந்தது. நான் அதே வரியை மாற்ற முயன்றதும் என் திரை அப்படியே நின்றுவிட்டது. அவள் கமிட் அடித்த நொடியில்தான் நகர்ந்தது. கடையில் இரண்டு பையன்கள் ஒரே பேட்சை இரண்டு வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொண்டுவிட்டு விழிப்பதை நேரில் பார்த்தவனுக்கு, ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் குறுக்கிடாதபடி காக்கும் டிரான்சாக்ஷன் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்வளவும் அந்த ஒரு பேராசிரியையின் நற்பண்பால் கிடைத்தவை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் எடுக்காத பிரிவில் அதே பாடம் நோட்ஸ் எழுதிப்போடுவதாகவே முடிந்தது. லேப் நேரத்தின் பெரும்பகுதி, செய்த பயிற்சிகளைப் பதிவுசெய்யும் ரெக்கார்டு நோட்டு எழுதுவதில் போயிற்று. ஒரு மாணவன் ஓட்டிய அவுட்புட்டை முப்பது பேர் பிரின்ட் எடுத்து ஒட்டி, கையெழுத்து வாங்கி, அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றோம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எக்ஸ்டர்னல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பது ஏழெட்டுக் கேள்விகள், அவையும் ஆண்டுதோறும் அவையே. தானே எழுதிப் பிழை கண்டு திருத்திய மாணவனுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தவனுக்கும் அந்த மதிப்பெண் பட்டியலில் வித்தியாசம் தெரியாது. எனக்கு இன்றும் மனம் ஆறாத குறை இது.

அடுத்த குறை, நிரலாக்கமும் தரவுத்தளமும் மூன்று ஆண்டுகளும் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டார் போல இருந்தது. சி, ஜாவா, பிஎச்பி ஆகியவை ஒரு பக்கம். தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் எந்தப் பாடத்திலும் இல்லை, கடைசி செமஸ்டர் புராஜெக்டில்தான் முதன்முதலாகச் சந்தித்தன. என் புராஜெக்ட் அந்த மருந்துக் கடைக்கான இருப்புக் கணக்கு. வாடிக்கையாளரின் பெயரைத் திரையில் உள்ள பெட்டியிலிருந்து எடுத்து, தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையான குவெரியில் அப்படியே ஒட்டியிருந்தேன். டி'சோசா போன்று நடுவில் மேற்கோள் குறி வரும் பெயரை அடித்தவுடன் பில் போடும் பக்கம் உடைந்துவிட்டது. பெயருக்கு நடுவே வந்த குறியைப் பெயரின் முடிவு என்று தரவுத்தளம் எடுத்துக்கொண்டது. அந்தக் குறியை நீக்கிவிட்டு அடியுங்கள் என்று கடைப் பையனிடம் சொல்லிச் சமாளித்தேன். அதே ஓட்டை வழியாக வேண்டாதவன் எவனும் மொத்த அட்டவணையையும் அழித்துவிட முடியும் என்பதும், மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்ற முறை ஒன்று உண்டு என்பதும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தன. இது சிலபஸின் ஓரத்தில் வரும் நுணுக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். மக்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் நோய்க் குறிப்பும் இருக்கும் ஒரு மென்பொருளை எழுதப்போகும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம் அது.

தமிழைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கடையின் வாடிக்கையாளர் பலர் தங்கள் கடைப் பெயரைத் தமிழில் பில்லில் போடச் சொல்வார்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தமிழில் சேமித்தேன். திரும்ப எடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்த மென்பொருளின் 8.0 பதிப்பு 2018-இல் வரும்வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன் எழுத்துகளுக்கானது. எல்லா மொழி எழுத்துகளும் அடங்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று நாமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மாற்றிய பிறகும் ஆச்சரியம் தீரவில்லை. தமிழ் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைட் என்ற சேமிப்பு அலகை எண்ணும் லெங்த் 15 என்றது, குறிகளை எண்ணும் கேர் லெங்த் 5 என்றது, நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தோ மூன்று. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஞாயிறுகள் ஆயின. லேபில் நாங்கள் உருவாக்கிய அட்டவணைகளில் எல்லாம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு புலங்கள் இருந்தன. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. இன்றும் எத்தனையோ படிவங்களில் நம்மவர்கள் இன்ஷியலைக் குடும்பப்பெயர் என்று எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் வங்கியில் ஒரு விதமாகவும் பெயர் வந்து அலைகிறார்கள். சென்னையில் இருக்கும் ஒரு கல்லூரி இதைச் சொல்லித்தராவிட்டால் வேறு எந்த ஊர்க் கல்லூரி சொல்லித்தரும்?

புராஜெக்டைச் சொந்தமாகச் செய்தவர்கள் எங்கள் வகுப்பில் பத்துப் பேருக்குள்தான் இருப்பார்கள். மற்றவர்கள் புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, சிடி-யும் பைண்டு செய்த அறிக்கையும் வாங்கி வந்தார்கள். ஆசிரியர்களுக்கும் இது தெரியும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து செமஸ்டர்களில் ஒரு முழு நிரலைத் தானாகக் கட்டிப் பார்க்காதவனிடம் ஆறாவது செமஸ்டரில் திடீரென்று ஒன்றைக் கேட்டால் அவன் கடைக்குத்தான் போவான்.

சென்ற மே மாதம் போனபோது சில மாற்றங்களைக் கண்டேன். முதல் செமஸ்டரில் பைத்தான் என்ற நிரலாக்க மொழி வந்திருக்கிறது, நீலத் திரை போய்விட்டது, லேபில் மைஎஸ்க்யூஎல். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியே கூடுதல் பயிற்சிகளும் வருவதாகத் துறையில் சொன்னார்கள். பைத்தானிலிருந்து தரவுத்தளத்தைத் தொடும் இரண்டு பயிற்சிகள் லேப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு இரண்டு போதாது என்றாலும் வரவேற்கிறேன். ரெக்கார்டு நோட்டு அப்படியே இருக்கிறது. பேராசிரியையும் இருக்கிறார், என் பேட்ச் அட்டவணையை இன்றும் வகுப்பில் போடுவதாகச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய, இப்போது டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் என்ற பெயரில் நடக்கும் இணையவழி பி.எஸ். படிப்பையும் அக்கா மகளுக்காக ஆராய்ந்தேன். நான்கு வாரப் பாடமும் பயிற்சிகளும் முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போகலாம். அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள். கணிதமும் புள்ளியியலும் ஆங்கிலமும் இரண்டிரண்டு, அவற்றுடன் கணிப்பியல் சிந்தனை, பைத்தான். அதற்கடுத்த நிரலாக்க டிப்ளமோவில் தரவுத்தளமும், அதைக்கொண்டு இணையச் செயலி கட்டும் பாடமும் அடுத்தடுத்து வருகின்றன. எங்கள் கல்லூரியில் நான் ஏங்கிய அந்தச் சந்திப்பு அங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பாதியில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்குச் சான்றிதழ் உண்டு. தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். பாடத்தின் கனத்தில் அது எங்கள் பி.சி.ஏ.-வைவிட ஒரு படி மேல் என்பதே என் கருத்து. ஆனால் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை, வாரந்தோறும் தனியாகக் கணினி முன் உட்கார்ந்து ஆங்கிலப் பாடத்தைக் கேட்டு, கெடு நாளுக்குள் பயிற்சியை முடிப்பதற்கு வேண்டிய உறுதியைப் பதினேழு வயதில் எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. ரஃப் நோட்டில் பதினாறு கட்டம் போட்டுக் காட்ட ஒரு ஆள் பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் அலுவலகத்தில் சிற்றேடு வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போய் லேபுக்குள் கால் மணி நேரம் நிற்க அனுமதி கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் தட்டச்சு செய்கிறார்கள், எத்தனை பேர் ரெக்கார்டு எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் போன அன்று பத்துக்கு நான்கு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஆறு பேரில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி, ஜாயின் செய்த விடையில் ஒரே பேட்ச் ஏன் இரண்டு முறை வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். மருந்தையும் பேட்சையும் சேர்த்து இணைக்காமல் பேட்ச் எண்ணை மட்டும் வைத்து இணைத்திருந்தாள். அக்கா மகள் அவள் பின்னால் போய் நின்றவள், விடை சரியாக வரும்வரை நகரவில்லை. வெளியே வந்ததும், "மாமா, ரெண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா?" என்று கேட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதி கொடுத்திருக்கிறது. இரண்டாம் ஷிப்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டோம். காலை நேரத்தில் வீட்டிலிருந்து ஐ.ஐ.டி.-யின் தகுதிப் பாடங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.